கடைசி போஸ்ட்டு வீடு

படத்திறப்புக்கு வந்த பெண்களை ஒருத்தி விடாமல் எடைபோட்டுக்கொண்டிருந்தாள் பாண்டியம்மாள். புருஷன் போய்ப் பதினாறாம் நாள். வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பி, மேசை மேல் அவர் படத்தை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். அவள் வந்தவர்களைப் பார்த்தாள். இவளாக இருக்குமோ? சே, இவள் ஒன்றுவிட்ட கொழுந்தியாள். அந்தப் பச்சைச் சேலை? அது மகனோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற டீச்சர். ஆனால் எவளோ ஒருத்தி இன்றைக்கு வந்தே தீருவாள். அதில் பாண்டியம்மாளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. செத்த அன்றைக்குக் கூட்டத்தில் கோட்டை விட்டாயிற்று. அழுகிற பெண்கள் எல்லாரும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி இருந்தால் யார் எவள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் புருஷன் ஹவில்தார் பேயாண்டியைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள். நாகமலை புதுக்கோட்டையில் அவரைப் போல ஒரு குடும்பஸ்தன் கிடையாது என்று அடித்துச் சொல்வார்கள். பட்டாளத்தில் பேண்டு கோஷ்டியில் டிரம்பெட் வாசித்தவர். வடக்கத்தி அதிகாரிகள் வாயில் பேர் நுழையாமல் ‘ஆண்டி’ என்று பாதியாக நறுக்கிவிட்டார்கள். பேய் அங்கேயே தங்கிவிட்டது, ஆண்டி மட்டும் ஊர் வந்து சேர்ந்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். திரும்பி வந்தபின் ஒரு கல்லூரி வாசலில் காவல் வேலை. பாண்டியம்மாள் விடிந்ததும் அங்கன்வாடிக்கு ஓடுகிறவள் என்பதால் மகள் முத்துமீனாவுக்குப் பள்ளிக்கூட நாளெல்லாம் சடை பின்னிவிட்டது அவர்தான். அந்தப் பின்னலில் பிள்ளையின் கண்கள் இரண்டும் நெற்றிப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டிலிருக்கிற அத்தனை ஷூவுக்கும் செருப்புக்கும் பாலிஷ் போடுவார். அன்றைக்குப் பார்த்து விருந்தாளி வந்தால் அவர்கள் செருப்பும் தப்பாது.

சாயங்காலமானால் மொட்டை மாடியில் டிரம்பெட். பெரிய வித்வான் ஒன்றும் இல்லை. சினிமாப் பாட்டில் உச்சத்துக்குப் போகும்போது மூச்சு இழுத்துக்கொள்ளும். தெரு நாய்கள் கூடவே பாடும். ரெண்டு வீடு தள்ளி இருக்கிற ஜவுளிக்கடை பத்ரிநாத், சௌராஷ்டிரக்காரர், ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார். ஆளுக்கொரு தாளத்தில் கிளம்பி, வழியில் சண்டை போட்டு, பாட்டு முடிகிற இடத்தில் எப்படியோ சேர்ந்துகொள்வார்கள். சேர்ந்துவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்காகவே பாண்டியம்மாள் துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போவாள்.

அந்த டிரம்பெட்டுக்கு வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணத்தில் வாசிக்கலாம், கோயில் கொடையில் வாசிக்கலாம், எழவு வீட்டுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சட்டம் போட்டவர் பேயாண்டியின் அப்பா சுடலை. சோழவந்தான் பக்கத்தில் அவர் ஊர். பெரிய தெருவில் யார் செத்தாலும் ஆள் விட்டு ‘வாடா’ என்பார்கள். கொட்டு மேளத்தைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் போய் வாசலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். ஒருநாள் சுடலை மேளத்தைக் கீழே வைத்துவிட்டு, இனி வர முடியாது என்றார். அந்தத் தெருவிலேயே வைத்து அடித்தார்கள். அன்று ஊரை விட்டுக் கிளம்பியவர்தான், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சாகக் கிடந்தபோது மகனைக் கூப்பிடவில்லை, மருமகளைத்தான் கூப்பிட்டார். இந்த வீட்டு ஆள் எவனும் எழவு வீட்டு வாசலில் வாத்தியத்தோடு நிற்கக் கூடாது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். மகன்காரன் மனசு இளகியவன், மருமகள் பிடித்தால் விடமாட்டாள் என்று கிழவருக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரி வேலையை விட்ட பிறகுதான் வினை ஆரம்பித்தது. திடீரென்று போன் வரும். அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். மெல்லிய குரலில், “லாஸ்ட் போஸ்ட்டுக்குத்தானே? வாரேன்” என்பார். பிறகு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி, பூட்ஸுக்குப் பாலிஷ், டிரம்பெட் பெட்டி, மாற்று வேட்டி, துண்டு. எங்கே என்றால், பழைய பேண்டுக்காரர்களோடு பிராக்டிஸ் என்பார். வெயில் சாய வீடு திரும்பும்போது தலை ஈரமாக இருக்கும்.

போன இடத்தில் குளித்துவிட்டு, வேட்டியும் மாற்றிக்கொண்டு வருகிற புருஷனைப் பற்றி எந்தப் பொண்டாட்டி என்ன நினைப்பாள்? ஊதுகிறதற்கும் தலைக்குக் குளிக்கிறதற்கும் என்ன சம்பந்தம்? அவர் கொல்லையில் கால் கழுவுகிற நேரத்தில் பாண்டியம்மாள் துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். வீட்டில் வேப்பிலைச் சோப்பு. துண்டில் சந்தன வாசம். அடுத்த தடவை மோந்தபோது எலுமிச்சை. அதற்கடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிற சிவப்புச் சோப்பு. இதென்ன, ஒருத்தியா, இல்லை தெருவுக்கு ஒருத்தியா என்று அவள் திகைத்துப் போனாள்.

லாஸ்ட் போஸ்ட் என்றால் என்ன என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. தெருவில் விளக்கு எரிகிற கம்பத்தை ஊரே போஸ்ட்டு என்றுதான் சொல்கிறது. கடைசிப் போஸ்ட்டு. ஏதோ ஒரு தெருவில் கடைசிப் போஸ்ட்டுக்குப் பக்கத்து வீடு. அடையாளம் சொல்லிக் கூப்பிடுகிறாள், இவரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போகிறார். ஒருதடவை பின்னாலேயே போய், அவர் சோழவந்தான் பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு அங்கே கோயில் திருவிழா வந்தபோது, சாமி கும்பிடுகிறேன் என்று போய்த் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு கடைசிப் போஸ்ட்டின் கீழும் நின்று பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வெற்றிலைக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், “யாரத்தா தேடுறீக?” என்று கேட்டாள். இவளுக்கு என்ன பேர் சொல்லுவது என்று தெரியவில்லை.

பத்ரிநாத்தை மடக்கிக் கேட்டும் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அவரையே கேளுங்க அக்கா என்று நழுவிவிட்டார். தெரிந்துகொண்டே மறைக்கிறான் என்று அவரையும் சந்தேகக் கணக்கில் சேர்த்தாள். ஆனால் புருஷனை மட்டும் அவள் கேட்கவில்லை. ஊரில் எவனிடமும் நேருக்கு நேர் கேட்கிறவளுக்கு அங்கே நாக்கு எழவில்லை. கேட்டு, அவர் ‘ஆமா’ என்று சொல்லிவிட்டால்? சடை பின்னிய கையும் பாலிஷ் போட்ட கையும் எல்லாம் பொய் என்று ஆகிவிடுமே. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். மாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்திக்கொண்டாள். அவர் ஒருநாள், என்ன இப்போதெல்லாம் மாடிப் பக்கம் காணோம் என்று கேட்டதற்கு, முட்டி வலிக்கிறது என்றாள். மறுநாள் தைலம் வாங்கிவந்து அவரே தேய்த்துவிட்டார். அதையும் குற்றமுள்ள நெஞ்சு என்றுதான் எடுத்துக்கொண்டாள். இப்போது ஆளே இல்லை. கேட்கிறதற்கும் வழியில்லாமல் போயிற்று.

பத்து மணி வாக்கில் அவள் வந்தாள்.

பந்தல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள். ஐம்பது வயதிருக்கும். காதில் கழுத்தில் ஒன்றுமில்லை, நெற்றியில் திருநீறு. மூடியிருந்த படத்தைப் பார்த்ததுமே உதடு துடிக்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. சொந்தக்காரி போடுகிற ஒப்பாரி இல்லை அது. வா ராசாத்தி, வந்துவிட்டாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்து போனாள் பாண்டியம்மாள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் மகன் மானம் போகும். தண்ணி குடிக்கலாம் வாங்க என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையைப் பிடித்து வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனாள். பிடித்த பிடியில் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு சிவந்துவிட்டது.

குழாயடியில் நிறுத்தி, யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். பேர் தங்கப்பொண்ணு. ஊர் பேரைக் கேட்டதும் பாண்டியம்மாள் நிமிர்ந்தாள். மாமனார் ஓடிவந்த ஊர். எந்தத் தெரு என்றாள். அதே பெரிய தெரு. சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் மதினி என்றாள் அவள். பாண்டியம்மாளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருப் பெண்கள் தன் மாமியாரை வயசு பார்க்காமல் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இவள் வாயில் மதினி வருகிறது என்றால் உள்ளே எம்புட்டு உரிமை இருக்கும்?

“ஒங்க வீடு தெருவுல எங்குட்டு இருக்கு?” என்று கேட்டாள்.

“கடைசி வீடு மதினி. போஸ்ட்டுக்குப் பக்கத்துல.”

பாண்டியம்மாள் குழாய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். தேடி அலைந்த வீடு தானாக நடந்து கொல்லைக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தெரிந்துகொள்ளத் துடித்ததை இப்போது தெரிந்துகொள்ள வேண்டாம் போல இருந்தது. ஆனாலும் கேட்டாள். கேட்காமல் இனி ஒருநாளும் தூங்க முடியாது.

“எம் புருசன் ஒங்க வீட்டுல குளிச்சிருக்காரா?”

தங்கப்பொண்ணு ஒளிவுமறைவில்லாமல் தலையாட்டினாள். “குளிக்காம எப்படி மதினி? நான்தான் புதுச் சோப்பு உறை பிரிச்சுக் குடுத்தேன். எழவு வீட்டுல இருந்து குளிக்காம எப்படி வீட்டுக்கு அனுப்புறது?”

எழவு வீடு என்ற சொல் பாண்டியம்மாளின் காதில் விழுந்து, உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. தலைக்குக் குளியல். மாற்று வேட்டி. இந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும் எதற்கென்று. சந்தேகம் பிடித்த புத்திக்குத்தான் தெரியாமல் போயிற்று.

தங்கப்பொண்ணு சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கியது. அவள் புருஷன் நல்லகாமனும் பட்டாளத்தில் இருந்தவர். வேலையில் இருக்கையில் உயிர் போனால் பட்டாளமே வந்து ஊதி, சல்யூட் அடித்து அனுப்பிவைக்கும். பென்ஷன் வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்து செத்தால் பக்கத்து வீட்டுக்காரன் மாலைதான். நல்லகாமனுக்கு அது ஒரு குறை. சாகும்போது, அந்த ஊதலை எனக்கும் ஊதச் சொல் என்று பொண்டாட்டியிடம் கேட்டிருக்கிறார். அதை எங்கே போய்த் தேடுவது என்று முழித்தபோது, பழைய ராணுவத்தார் ஒருவர், ஆண்டி என்று ஒருத்தர் இருக்கார், மதுரைச் சுற்றுவட்டாரத்தில் நம்ம ஆள் யார் போனாலும் வந்து ஊதுவார் என்று நம்பர் கொடுத்தாராம். அந்த ஊதலுக்குப் பேரே லாஸ்ட் போஸ்ட்தானாம்.

பாண்டியம்மாள் அதை இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். அது இடமே இல்லையா என்று கேட்டாள். பாட்டு மதினி, வெறும் பாட்டுதான் என்றாள் தங்கப்பொண்ணு.

“நான் ஊர் பேரச் சொன்னதும் அண்ணே போன்ல ரொம்ப நேரம் பேசல. சரி, வரமாட்டாருன்னுதான் நெனச்சேன். வாரேன்னுட்டாரு. வந்து எறங்கினதும் சுடலை மகன்னு தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு பெரியவரு, செருப்பக் கழட்டிட்டு வெளிய நிக்கச் சொல்லுன்னாரு. அண்ணே காதுலயே வாங்கல. பூட்ஸோட உள்ள வந்து, எங்க வீட்டுக்காரரு தலமாட்டுல நின்னு, ஒரு சல்யூட் அடிச்சிட்டு ஊதினாரு. ஒக்காந்திருந்தவுக ஒவ்வொருத்தரா எந்திரிச்சாக. அந்தப் பெரியவரும் எந்திரிச்சாரு. ஊதி முடியிற வரைக்கும் தெருவே நின்னுச்சு மதினி.”

கூலி என்று நீட்டியதை அவர் தொடவில்லை. குளித்து முடித்து ஒரு டம்ளர் காப்பி மட்டும் குடித்தார், அந்த வீட்டுப் பித்தளை டம்ளரில். இதெல்லாம் வீட்டில் தெரியுமா என்று தங்கப்பொண்ணு கேட்டாளாம். என் பொண்டாட்டி எங்க அப்பாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள், சொன்னால் அவளும் சத்தியத்தை மீறின கணக்காகிவிடும், பாவம் என்னோடு போகட்டும் என்றாராம். வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் போனாராம்.

பாண்டியம்மாளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. இன்னொரு பெண் இல்லை என்பது நெஞ்சில் இறங்குவதற்குள் கோபம் வந்தது. யோவ், சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று என் நிம்மதியைக் குழிதோண்டிப் புதைத்தாயே. அந்தக் கோபத்தின் அடியிலேயே, அவர் தைலம் தேய்த்துவிட்ட ராத்திரி நினைவுக்கு வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பந்தலில் மைக் பேசத் தொடங்கியிருந்தது.

மகன் இம்மானுவேல் பேசிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வாத்தியார், தெளிவாகப் பேசுவான். தாத்தா அடிபட்ட கதையைச் சொன்னான். கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிறகு குரலை உயர்த்தினான்.

“எங்கப்பா கடைசி மூச்சு வரைக்கும் தாத்தா சொல்லக் காப்பாத்துனாரு. ஒரு எழவு வீட்டு வாசல்லயும் அவர் வாத்தியத்தோட நின்னதில்ல. எங்களுக்கு அவர் விட்டுட்டுப் போன கௌரவம் அதுதான்.”

கை தட்டினார்கள். பாண்டியம்மாள் பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். இப்போது அவள் கண்ணுக்கு வேறு ஆட்கள் தெரிந்தார்கள். பின்வரிசையில், ஓரத்தில், தூணோரத்தில், அவளுக்குப் பழக்கமில்லாத குடும்பங்கள். வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள், அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள். அவர்கள் யாரும் கை தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை சோப்பு வாசமும் அங்கே உட்கார்ந்திருந்தது. பத்ரிநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். புருஷன் கேட்டுக்கொண்டபடி இவர்கள் எல்லாரும் வாயைத் திறக்காமல் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். இப்படியே விட்டால், துணியை விலக்கியதும் உள்ளே இருக்கப்போவது வேறு எவனோ ஓர் ஆள் என்று அவளுக்குப் பட்டது. ஒரு பக்கம் மாமனாருக்குச் செய்த சத்தியம், இன்னொரு பக்கம் இந்த மனுஷன். இம்மானுவேல், அம்மா நாலு வார்த்தை பேசுவாங்க என்று பேருக்குச் சொல்லிவிட்டு மைக்கை அணைக்கப்போனான். அவள் போய் அதை வாங்கிக்கொண்டாள்.

“எம் மகன் சொன்னது தப்பு” என்றாள். “எழவு வீட்டுல அவரு ஊதினாரு.”

பந்தலில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

“பட்டாளத்துல இருந்துட்டு வந்து, கேட்க நாதியில்லாம செத்தவங்க வீட்டுலயெல்லாம் ஊதினாரு. எங்க மாமாவ அடிச்ச தெருவுலயும் போய் ஊதினாரு. எங்க மாமாவுக்கு ஆள் விட்டு வாடான்னாங்க, அதனால மாட்டேன்னாரு. இவர வாங்கண்ணேன்னு கூப்பிட்டாங்க, இவரு போனாரு. பூட்ஸக் கழட்டல. வாசல்ல நிக்கல. தெரு எந்திரிச்சு நின்னுச்சு. சந்தேகம்னா இங்க வந்திருக்கிறவுகளக் கேட்டுக்கங்க.”

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பிறகு அவள் பக்கத்திலிருந்த பையன். பிறகு தூணோரத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இம்மானுவேல் அவர்களையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

“இதெல்லாம் ஒனக்கு எப்பம்மா தெரியும்?” என்று கேட்டான்.

மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் மைக் அவள் கையில் இருந்ததால் கேள்வி தெரு முழுக்கப் போயிற்று. கூட்டமே பதிலுக்குக் காத்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் தங்கப்பொண்ணு, சிவந்த மணிக்கட்டைத் தடவியபடி பாண்டியம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாளுக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்பதைக் கொல்லையில் கண்ணால் பார்த்தவள் அவள்.

“எப்பவுமே தெரியும்” என்றாள் பாண்டியம்மாள். “எங்கிட்டச் சொல்லாம அவரு எங்கயும் போனதில்ல.”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. பதினாறு நாளாக வராத அழுகை மைக்கிலேயே வந்தது. தங்கப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இம்மானுவேல் அம்மாவின் தோளைப் பிடித்து மேசைப் பக்கம் கூட்டிப்போய், நீயே திறந்துவை என்று துணியின் நுனியை அவள் கையில் கொடுத்தான்.